நிமிர்த்தி ஒட்டிய படம்

எங்கள் அண்ணன் ஜெயபாலனுக்கு இருபத்திரண்டு வயது. ஜொகூர் பாருவில் பசார் என்கிற சந்தைக்குப் பின்புறம், சீனத் தையற்காரன் கடையின் முன்பாதியில் இடம் பிடித்து ஒரு பலகை மாட்டியிருந்தான்: ‘ஆர்டிஸ்ட் ஜெயபாலன். போட்டோ, அச்சு, கைவேலை.’ மூன்றில் எதையாவது ஒழுங்காகச் செய்வானா என்று கேட்காதீர்கள். மூன்றையும் செய்வான். ஒழுங்கு என்பது வேறு சமாசாரம்.

போட்டோவுக்கு வருகிறவர்களை ஒரு சீலைக்கு முன்னால் நிறுத்துவான். சீலையில் அவனே எழுதிய அரண்மனை, அரண்மனைக்கு முன்னால் குளம், குளத்தில் ஒரு அன்னம். அந்த அன்னத்தின் கழுத்தைப் பார்த்தால் தண்ணீர்க் குழாய் ஞாபகம் வரும். “அசையாதீங்க, சிரிக்காதீங்க, கண்ண மூடாதீங்க” என்று சொல்லிவிட்டுக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு பத்து எண்ணுவான். படத்தில் எல்லாரும் தங்கள் கருமாதிக்குத் தாங்களே வந்தவர்கள் மாதிரி இருப்பார்கள்.

கைவேலை என்றால், காப்பிக்கடை காப்பிக்கடையாகப் போய் சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைப் பொறுக்கி வந்து, அட்டையில் ஒட்டி, அட்டிகையும் ஒட்டியாணமும் செய்வது. தோட்டத்துப் பெண்கள் படம் எடுக்க வந்தால் அதைப் பூட்டி விடுவான். வேர்வையில் பசை இளகி, கழற்றும்போது பாதி அட்டிகை கழுத்தோடு போய்விடும். “கலைக்காகக் கொஞ்சம் பொறுத்துக்கங்க அக்கா” என்பான். அந்த அக்காக்கள் ஈரத்துணியால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே அவனைப் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைத்தான் போட்டோ பிடித்திருக்க வேண்டும்.

அச்சுக்கு ஒரு கை மெஷின். சிங்கப்பூரில் யாரோ ஒரு சீனர் வேண்டாம் என்று ஒதுக்கியதைப் பாலத்தின் வழியாக மாட்டுவண்டியில் ஏற்றிவந்தான். அதற்கு மை தடவுவதும், அச்சான தாளைக் கொடியில் காயப்போடுவதும் என் வேலை. நான் செல்வராணி, அவன் தங்கை, வயது பதினைந்து, தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் வகுப்போடு நின்றவள். ஒருநாள் அவன் பலகையில் இருந்த ‘அச்சு’வைக் கரியால் ‘அச்சச்சோ’ ஆக்கி வைத்தேன். இரண்டு நாள் வந்துபோன ஒருவரும் கேட்கவில்லை. சரியாகத்தான் எழுதியிருக்கிறான் என்று நினைத்திருப்பார்கள்.

எங்கள் அப்பா வீரமுத்து ரோடு போடும் கூலிகளுக்கு மண்டோர், அதாவது மேஸ்திரி. அவருக்குத் தார் ஊற்றினால் ரோடு வரவேண்டும். வெள்ளித்தாள் ஒட்டினால் என்ன வருகிறது என்று அவருக்குக் கடைசிவரை விளங்கவில்லை. பாலோ ரப்பர் தோட்டத்தில் எங்கள் மாமா செல்லப்பன் கங்காணியாக இருந்தார். அங்கே கூலிகளின் பேர் பதிகிற வேலை ஒன்று காலியாக இருந்தது.

“சதாசிவம் வீட்டுக் கல்யாணப் பத்திரிக இருக்குல்ல?” என்றார் அப்பா ஒருநாள் சோற்றுக்கு நடுவில். “அது நல்லபடியா முடிஞ்சா ஒன் கட ஒனக்கு. அதுல ஒரு கொற வந்துச்சு, மறுவார்த்த கெடையாது, பாலோவுக்கு ரயிலேறு.”

“கொற எப்படிப்பா வரும்?” என்றான் இவன். வாயில் சோறு இருந்தது. இல்லாவிட்டால் இன்னும் பேசியிருப்பான்.

சதாசிவம் மாமா விறகு வியாபாரி, வண்டி பத்து வைத்திருப்பவர். மகள் அங்கம்மாவைக் காஹாங்கில் அய்யாவு என்பவரின் மகனுக்குக் கொடுக்கிறார். இந்த அய்யாவு எப்பேர்ப்பட்டவர் என்றால், ஒரு விருந்தில் இலையின் நுனியை வலப்பக்கம் போட்டுவிட்டார்கள் என்று பந்தியிலிருந்து எழுந்து நேராக ரயிலடிக்குப் போனவர். அப்படிப்பட்டவருக்குச் சம்பந்தி ஆகிறோம் என்று சதாசிவம் மாமாவுக்குப் பெருமை ஒருபக்கம், நடுக்கம் ஒருபக்கம்.

நிச்சயதார்த்தத்தன்று அண்ணன் காமிராவைத் தூக்கிக்கொண்டு போனான். சம்பந்திகள் இரண்டு பேரும் வெற்றிலைத் தட்டு மாற்றும்போது நிறுத்தினான்.

“ரெண்டு கையாலயும் புடிச்சா கோட்டுப் பொத்தான் மறையுது. வலது கையால மட்டும் நீட்டுங்க மாமா. நீங்களும் வலது கையால வாங்குங்கய்யா. அப்படியே நில்லுங்க. ஒண்ணு... ரெண்டு...”

ஏழு எண்ணுவதற்குள் சதாசிவம் மாமாவின் கை ஆடத் தொடங்கிவிட்டது. பாக்கு உருண்டு அய்யாவுவின் செருப்பில் விழுந்தது.

“இன்னும் எவ்வளவு நேரம்யா? பொண்ணு கெழவி ஆயிருவா போல” என்றார் அய்யாவு, உதடு அசையாமல்.

இந்தப் படத்தைத்தான் பத்திரிகையின் தலையில் போடுவதாக அண்ணன் சொல்லியிருந்தான். ஜொகூரில் எந்தக் கல்யாணப் பத்திரிகையிலும் கல்யாண வீட்டு மனிதர்களின் முகம் வந்ததில்லையாம். சதாசிவம் மாமா சிங்கப்பூரிலிருந்து ஓரத்தில் தங்கப் பூச்சு போட்ட தடித்த தாள் முந்நூறு வாங்கிக் கொடுத்தார். முந்நூறுதான். முந்நூற்றொன்று கிடையாது.

அண்ணன் செதுக்குவதற்கு மெத்தென்றிருக்கும் ஜெலுத்தோங் மரப்பலகை ஒன்றை இழைத்து எடுத்துக்கொண்டு பன்னிரண்டு நாள் செதுக்கினான். மரத்தில் வெட்டும் எழுத்து கண்ணாடியில் தெரிகிற மாதிரி இடம் வலம் மாறி இருக்கவேண்டும், அப்போதுதான் தாளில் நேராக விழும். இதை எனக்கு ஐம்பது தடவை பாடம் நடத்தியிருக்கிறான். முதலில் தாளில் எழுதி, அந்தத் தாளைக் கவிழ்த்துப் பலகையில் ஒட்டி, மேலேயே வெட்ட வேண்டும். ‘திருமண அழைப்பு’ என்ற எழுத்தை அப்படித்தான் கவிழ்த்து ஒட்டினான். நான் பக்கத்தில் நின்று ‘ழை’யின் வாலைத் தொட்டுப் பார்த்தேன்.

“கைய எடு கழுத. மூணாங்கிளாஸுக்கு இதெல்லாம் வெளங்காது.”

படத்தையும் போட்டோவைப் பார்த்து மெல்லிய தாளில் பென்சிலால் வரைந்திருந்தான். அதைக் கவிழ்த்தால் அவன் வரைந்த அழகு மறைந்துவிடுமே! பன்னிரண்டு நாளும் தன் கைவண்ணத்தைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டாமா? நிமிர்த்தி ஒட்டிவிட்டான். ஐம்பது தடவை பாடம் நடத்திய வாத்தியார்.

வியாழக்கிழமை காலை அச்சு ஏறியது. ராகுகாலம் மூன்று மணிக்கு முடிந்ததும் சதாசிவம் மாமா வாங்க வருவதாகப் பேச்சு. முதல் தாளை எடுத்துக் கொடியில் மாட்டும்போதே பார்த்துவிட்டேன். எழுத்து முத்து முத்தாக நேராக இருந்தது. அதற்கு மேலே சதாசிவம் மாமா இடது கையால் தட்டை நீட்டுகிறார். அய்யாவு இடது கையால் வாங்குகிறார்.

சொல்லியிருக்கலாம். மீதி இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது தாள் சும்மா இருந்தது. ஆனால் மூணாங்கிளாஸுக்கு இதெல்லாம் விளங்காதே. மை தடவினேன், தாளை மாட்டினேன், பாட்டுக்கூடப் பாடினேன். கொடி முழுக்கக் கருவாடு காயப்போட்ட மாதிரி முந்நூறும் தொங்கியபிறகு கேட்டேன்.

“அண்ணே, மாமாவுக்கு வலது கையில ஏதும் புண்ணா?”

“என்னது?”

“இல்ல, மங்கல காரியத்துல பீச்சாங்கையால வெத்தல குடுக்குறாரே. அதான் கேட்டேன்.”

திரும்பிப் பார்த்தான். சிரிப்பை வாய்க்குள் தயாராக வைத்திருந்தேன். அவன் கத்துவான், மைத் துணியை எறிவான், நான் தையற்காரன் மேசைக்கு அடியில் ஓடுவேன் என்று கணக்கு. அவன் கத்தவில்லை. பலகையைக் கையில் எடுத்துப் பார்த்தான். தாளைப் பார்த்தான். தன் வலது கையை நீட்டிப் பார்த்தான். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்தான்.

“அலமாக்” என்றான், மலாய்க்காரர்கள் ‘ஐயோ’ என்கிற மாதிரி, மெதுவாக.

அந்தச் சிரிப்பை நான் எங்கே துப்பினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

மறுபடி வெட்ட நாள் இல்லை. தாளும் இல்லை. மணி பதினொன்றரை. நான் வீட்டுக்கு ஓடி மஞ்சள் கிண்ணத்தோடு திரும்பினேன்.

“பத்திரிகைக்கு மஞ்ச தடவுறது வழக்கந்தானே? நாலு மூலையில தடவுறத நடுவுல தடவு. கை ரெண்டும் மறையுற மாதிரி.”

“என் வெத்தல மேலயா?” என்றான். “ஒவ்வொரு நரம்பா வெட்டியிருக்கேன் ராணி. பாரு, காம்புகூட...”

“பாலோவுல வெத்தலக்கொடி நெறைய இருக்கும். போயி பாத்துக்க.”

வாயை மூடிக்கொண்டு கிண்ணத்தை வாங்கினான். ஆனால் மண்டூகம் என்றாலும் கை அவன் கைதான். வெறுமனே அப்பவில்லை. மூன்று விரலில் தொட்டு ஒரு சுழற்று. தட்டும் கையும் இருந்த இடத்தில் ஒரு மஞ்சள் தாமரை நின்றது. நானும் சுழற்றிப் பார்த்தேன், என்னுடையது சாணி தட்டிய மாதிரி வந்தது. “நீ காயவை போதும்” என்றான். முந்நூறையும் அவனே போட்டான் என்றுதான் நினைத்தேன்.

மூன்றேகாலுக்கு சதாசிவம் மாமாவும் அவர் மனைவி ராசம்மா அத்தையும் வந்தார்கள். அப்பாவும் வேலையிலிருந்து நேராக, காலில் தாரோடு வந்து வாசலில் நின்றார்.

“என்னடா இது, மஞ்ச நடுவுல இருக்கு?” என்றார் மாமா.

“சிங்கப்பூர்ல இப்ப இப்பிடித்தான் மாமா” என்றேன் நான். அண்ணனுக்குப் பொய் சொல்ல வராது. அதற்கும் ஒரு திறமை வேண்டும்.

மாமா தாளைத் தூரத்தில் பிடித்தார், கிட்டத்தில் பிடித்தார். தன் கோட்டுப் பொத்தான்களை எண்ணிப் பார்த்தார். “தாமர பூத்தாப்புல இருக்கு. என்ன ராசம்மா?”

“லட்சணமா இருக்கு. மொத பத்திரிகய சாமிகிட்ட வெச்சுட்டு, நாளைக்கே காஹாங்குக்கு அனுப்பிரலாம்” என்றார் அத்தை.

அப்பா தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அவர் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். கடை பிழைத்தது. மனிதன் என்றால் இந்த இடத்தில் என்ன செய்வான்? கும்பிட்டு, கட்டிக் கொடுத்து, வாசல்வரை வழியனுப்புவான்.

எங்கள் ஆர்டிஸ்ட் மேசை இழுப்பறையைத் திறந்தான்.

“மாமா, மஞ்ச போடாதது ஒண்ணு வெச்சிருக்கேன். வெத்தலய மட்டும் பாருங்க. ஒவ்வொரு நரம்பும்...”

நான் அவன் காலை மிதித்தேன். எருமைக்கு எங்கே தெரிகிறது.

மாமா வெற்றிலையைப் பார்த்தார். “அட, ஆமா” என்றார். வெற்றிலையிலிருந்து கண் தட்டுக்குப் போயிற்று. தட்டிலிருந்து கைக்கு. ராசம்மா அத்தை அதற்கு முன்பே வாயில் முந்தானையை வைத்துக்கொண்டுவிட்டார்.

“ஏங்க, இது பீச்சாங்கைங்க. காஹாங் சம்பந்தி பாத்தா தாலி ஏறுமா?”

பின்பாதியில் சீனனின் தையல் மெஷின்கூட நின்றுவிட்டது.

“ஏன்டா காட்டுன?” என்றார் சதாசிவம் மாமா. கோபமாகக்கூட இல்லை. “மறச்சிட்ட. நல்லா மறச்சிட்ட. நான் சந்தோசமா எடுத்துக்கிட்டுப் போயிருப்பேனே. ஏன்டா காட்டுன?”

“பன்னெண்டு நாள் வெட்டுனேன் மாமா” என்றான். “ஒருத்தராவது பாக்கணும்ல.”

மாமா மஞ்சள் போட்டதையெல்லாம் கட்டி எடுத்துக்கொண்டார். மஞ்சள் போடாததை ராசம்மா அத்தை அடுப்பில் போடுவதற்காக நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர்கள் வண்டி ஏறியதும் அப்பா கடை வாசலில் மாட்டியிருந்த பலகையைக் கழற்றினார்.

“சனிக்கெழம ரயிலுக்கு மூட்டயக் கட்டு.”

அப்போது நான் குறுக்கே போனேன். எதற்குப் போனேன் என்று கேட்டால், புத்தி கெட்டுத்தான்.

“அப்பா, நான் மொதத் தாள்லயே பாத்துட்டேன். வேணும்னுதான் சொல்லல. தப்பு என்னுதுப்பா.”

அப்பா என்னை அடிப்பார் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவர் அண்ணனைத்தான் பார்த்தார்.

“மூணாங்கிளாஸ் படிச்ச சின்னக் கழுதைக்கு ஒரே பார்வையில தெரிஞ்சிருக்கு. பன்னெண்டு நாள் உத்துப் பாத்தவனுக்குத் தெரியல. இவனுக்கெல்லாம் எதுக்குய்யா கட?”

அதோடு முடிந்தது. காப்பாற்றப் போன நானே கடைசி ஆணியை அடித்துவிட்டு வந்தேன். அண்ணன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் திட்டியிருப்பேன், இரண்டு பேருக்கும் நிம்மதியாக இருந்திருக்கும். மெஷினுக்கு எண்ணெய் விட்டுத் துணி போட்டு மூடினான், நாளைக்கு வந்து திறக்கப்போகிறவன் மாதிரி.

அங்கம்மா கல்யாணம் நன்றாகவே நடந்தது. மஞ்சள் தாமரையை அய்யாவு மெச்சினார் என்று கேள்வி.

அண்ணன் பாலோவுக்குப் போய் நாலு மாதம் ஆகிறது. செல்லப்பன் மாமா கடுதாசி போட்டிருக்கிறார். பேர் பதிகிற புத்தகத்தில் ஒவ்வொரு பேருக்கும் ஓரத்தில் கொடியும் பூவும் வரைகிறானாம். ரப்பருக்காகப் பால்மரம் வெட்டுகிற பெண்கள் தங்கள் பேருக்கு என்ன பூ வந்திருக்கிறது என்று பார்க்க வரிசையில் நிற்கிறார்களாம், வேலை கெடுகிறதாம், துரை பார்த்தால் தோலை உரிப்பாராம். உரிக்கட்டும். திருந்தாத ஜன்மம்.

போன மாதம் அம்மா முறுக்கு கொடுத்து அனுப்பிய டின்னின் அடியில் அவனுடைய செதுக்கு உளிகளைத் துணியில் சுற்றி வைத்தது நான்தான். வீட்டில் கிடந்தால் துருப்பிடிக்கும், யார் காலிலாவது குத்தும். தோட்டத்தில் கிடைக்கிற கித்தா என்னும் ரப்பர் மரப்பலகை செதுக்க ஆகாது, பிளந்துபோகும் என்று அவனே சொல்லியிருக்கிறான். அதனால் இந்த மாத டின்னில் முறுக்கைக் கொஞ்சம் குறைத்துவிட்டு ஜெலுத்தோங் துண்டு ஒன்று வைத்திருக்கிறேன். கட்டிலுக்கு அடியில் சும்மா இடத்தை அடைத்துக்கொண்டு கிடந்தது.