அக்காவின் மொட்டைச் சைக்கிள்

ரப்பர் நாற்றத்திலேயே பிறந்து வளர்ந்தவள் நான். உறைந்த ரப்பர்ப் பாலான கட்டிப்பால் புளித்த வாடை எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பலகையிலும், அப்பாவின் சட்டையிலும், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போடும் என் கவுனிலும்கூட ஒட்டிக் கிடக்கும். அதே ரப்பருக்கு, மூக்கை நீட்டி நீட்டி முகரவைக்கும் ஒரு வாசனையும் உண்டு என்பதைக் கோலா சிலாங்கூர் கடைத்தெருவில், சீனர் ஒருவரின் சைக்கிள் கடை வாசலில் தொங்கிய புது டயர்களுக்குக் கீழே நின்றபோதுதான் தெரிந்துகொண்டேன். நம்ம தோட்டத்துப் பால்தான் சீமைக்குப் போய் இப்படி மணக்க மணக்கத் திரும்பி வந்திருக்கிறது என்றார் அப்பா. எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அவர் சொன்னதை நம்புவதா வேண்டாமா என்று தெரியாமல் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

அது மலாயாவில் வெள்ளைக்காரர் அறிவித்த அவசரகாலம். காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு யாரும் அரிசி கொடுத்துவிடக் கூடாது என்று, லயங்களை ஒன்றாகச் சேர்த்துச் சுற்றிலும் முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். போக வர ஒரே வாசல்; அதை எல்லோரும் "கேட்டு" என்போம். காலை ஆறுக்குத் திறந்தால் மாலை ஆறுக்கு மூடிவிடும். வெளியே போகிறவர் மடியில் ஒரு பிடி அரிசி இருந்தாலும் ஜெயில்தான் என்பதால், பால் மரம் சீவப் போகும் பெரியவர்கள் வெறும் தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, பசித்த வயிற்றோடு வரிசையில் நிற்பார்கள். சைக்கிள் வைத்திருந்தவர்களுக்குத் தனி வரிசை. அந்த வரிசைதான் ஆமை வேகத்தில் நகரும்.

பிலோமினா அக்கா எனக்கு எட்டு வயது மூத்தவள். அம்மாவோடு மரம் சீவிக்கொண்டிருந்தவளைப் பட்டணத்து ஆஸ்பத்திரியில் "மிஸ்ஸி" வேலை பழக எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்கள். மிஸ்ஸி என்றால் தாதி. வெள்ளை உடுப்பு, வெள்ளைத் தொப்பி. எங்கள் லயத்தில் எந்தப் பெண்ணும் அதுவரை அதைப் போட்டதில்லை. ஆனால் அங்கே இருந்த பெரிய மிஸ்ஸி கண்டிப்பானவர். ஏழரைக்கு வார்டில் நிற்க வேண்டும், முதல் மாதத்தில் ஒருநாள் தாமதமானாலும் அந்த இடம் வேறு பெண்ணுக்குப் போய்விடும் என்று முதலிலேயே சொல்லிவிட்டார். தோட்டத்திலிருந்து பட்டணம் எட்டு மைல். முதல் பஸ்ஸோ வெயில் ஏறிய பிறகுதான் வரும். ஆக, சைக்கிள் இருந்தால் அக்கா மிஸ்ஸி. இல்லாவிட்டால் பால் வாளியும் உளியும்தான். அம்மா ஆசையாக வளர்த்த இரண்டு ஆடுகள் அந்த வாரமே விலை போயின.

தவுக்கே என்று நாங்கள் கூப்பிடும் கடை முதலாளி எங்களுக்கு இரண்டு சைக்கிள்களைக் காட்டினார். ஒன்று யாரோ ஓட்டிப் பழசான ஆண்கள் சைக்கிள். ஆனால் டைனமோ விளக்கு, காற்றடிக்கும் பம்பு, பின்னால் கேரியர், ஆசனத்துக்குக் கீழே தோல் பை என்று கல்யாண மாப்பிள்ளைபோல் சகல அலங்காரத்தோடும் நின்றது. மற்றது புதியது, பெண்கள் ஓட்டுவது, கரும்பச்சையில் தங்கக் கோடு. அதற்கும் எல்லா அலங்காரமும் உண்டு. போதாததற்குப் பாவாடை சிக்காமலிருக்கச் சங்கிலியை முழுக்க மூடிய தகரப் பெட்டி வேறு. அதைத் தொடக்கூட எனக்குப் பயமாக இருந்தது. அதன் விலைக்கு எங்கள் ஆடுகள் இரண்டும் போதா, இன்னும் ஒரு குட்டியாவது வேண்டும்.

அப்பா பழையதன் பக்கம் போய்விட்டார். "சைக்கிள்னா நாலு பேரு பாக்குறாப்புல இருக்கணும். இதுல எல்லாம் இருக்கு" என்று மணியை ஒருமுறை அடித்தும் பார்த்துவிட்டார். பேரம் முடியப்போகிறது என்று நான் நினைத்த நேரத்தில், அதுவரை வாயே திறக்காத அக்கா பச்சைச் சைக்கிளின் பக்கத்தில் போய் நின்றுகொண்டு கேட்டாள்:

"தவுக்கே, இதுல உள்ளதையெல்லாம் கழட்டிட்டா என்ன விலை?"

தவுக்கே சிரித்தார். பிறகு அவள் சிரிக்கவில்லை என்பதைக் கண்டு திருப்புளியை எடுத்தார். விளக்கு போனது, பம்பு போனது, தோல் பை போனது, கேரியர் போனது, சங்கிலிப் பெட்டி போனது. ஒவ்வொன்றும் சாக்கின் மேல் விழ விழ அப்பாவின் முகம் சுருங்கியது. கைப்பிடி ரப்பரையும் உருவச் சொன்னபோது, "கை வலிக்கும் லா, தங்கச்சி!" என்றார் தவுக்கே. "வலிக்கட்டும்" என்றாள் அக்கா.

"மணியாவது இருக்கட்டும்மா" என்று அப்பா கெஞ்சாத குறையாகச் சொன்னார்.

"அதையும் திருகித் தொறந்து பாக்குறாங்கப்பா. நான் தெனமும் பொம்பளைங்க வரிசையில நின்னு பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன்."

அப்போதுதான் எங்களுக்கு விளங்கியது. கேட்டில் காவலர்கள் சைக்கிளைச் சும்மா விடமாட்டார்கள். பம்பைக் கழற்றுவார்கள், விளக்கின் வயிற்றைத் திறப்பார்கள், பையைக் கொட்டுவார்கள், சங்கிலிப் பெட்டிக்குள் கம்பி விட்டுத் துழாவுவார்கள். எதிலெல்லாம் அரிசியும் மருந்தும் ஒளித்துக் கொண்டு போகலாமோ அதிலெல்லாம் கை வைப்பார்கள். அலங்காரம் கூடக் கூடக் காத்திருப்பும் கூடும். அப்பாவும் தவுக்கேயும் நானும் சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா மட்டும் அந்தக் கேட்டைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். எனக்கு அவளை ஏதோ புதிதாகப் பார்ப்பதுபோல் இருந்தது. கழற்றிய சாமான்களைத் தவுக்கேயே வைத்துக்கொண்டதில், புதுச் சைக்கிள் ஆட்டுக் காசுக்குள் அடங்கிவிட்டது.

தோட்டத்தில் கேலிக்குக் கேட்க வேண்டுமா? "ரெண்டு ஆட்டைக் கொடுத்துட்டு எலும்பை வாங்கியாந்திருக்கான் அருளப்பன்" என்று ஒருவர் அப்பாவைச் சொல்ல, லயமே சிரித்தது. அன்று மாலை முழுவதும் அப்பா வெளியே தலைகாட்டவில்லை. அம்மா மட்டும், "ஓடுறது சக்கரம், மினுக்கு இல்ல" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டுக் கோழிக்குத் தீனி போடப் போனார். அக்கா பழைய ட்யூபிலிருந்து ஒரு ரப்பர் வாரை வெட்டி, சங்கிலியில் சிக்காதபடி கவுன் ஓரத்தைக் காலோடு சேர்த்துக் கட்டிப் பழகிக்கொண்டிருந்தாள்.

முதல் நாள் காலையில் வேலிக்கு உள்பக்கம் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மரம் சீவப் போகும் வரிசைகளில் அம்மாவும் அப்பாவும் நின்றார்கள். சைக்கிள் வரிசையில் அக்கா. அவள் முறை வந்ததும் மலாய்க் காவலர் சைக்கிளைச் சுற்றிச் சுற்றி வந்தார். திறந்து பார்க்க எதுவுமே இல்லை. அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கொடுத்துவிட்டது. இத்தனை புதுச் சைக்கிளில் ஏன் எல்லாவற்றையும் கழற்றியிருக்கிறாய், குழாய்க்குள் என்ன வைத்திருக்கிறாய் என்று கேட்டபடி பெரிய காவலரைக் கூப்பிடப் போனார். இதை அக்கா எண்ணிப் பார்த்திருக்கவில்லை. அப்பா வரிசையை விட்டு ஓரடி வைத்தார், வைத்த காலைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். துப்பாக்கி வைத்திருப்பவர்களிடம் யார் என்ன பேசமுடியும்? ஒன்பது வயதுக்குத் தெரிந்த ஒரே வழியாக மாதாவை வேண்டிக்கொண்டேன்.

பெரிய காவலர் வந்தார். அக்கா அழவில்லை, கெஞ்சவும் இல்லை. வெள்ளை உடுப்போடு செம்மண்ணில் மண்டியிட்டு, அந்தச் சைக்கிளைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். கைப்பிடி ரப்பர் இல்லாத வெறும் குழாயின் இரண்டு வாய்களிலிருந்தும் எதுவும் கொட்டவில்லை. பிறகு ஒரு கல்லை எடுத்து, சட்டத்தின் ஒவ்வொரு குழாயையும் தட்டினாள். ணங், ணங் என்று கோயில் மணிபோல் வரிசை முழுக்கக் கேட்டது.

"கோசோங், துவான்" என்றாள் மலாயில். காலி, ஐயா. "அரிசி இருந்தா இப்படிச் சத்தம் வருமா?"

பெரிய காவலர் தாமே கல்லை வாங்கி ஒருமுறை தட்டிப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டு கையை வெளியே நீட்டினார். அக்கா ஏறி உட்கார்ந்து மிதித்தாள். செம்மண் பாதையின் பனிமூட்டத்துக்குள் வெள்ளைக் கவுன் சிறிதாகிச் சிறிதாகி மறையும்வரை மூச்சு விடாமல் பார்த்துக்கொண்டு நின்றேன். அவ்வளவு பெரிய கேட்டை ஒரு பெண் தட்டித் திறந்துவிட்டாள் என்று தோன்றியது. அந்த வியப்பு இந்த வயதிலும் எனக்குத் தீரவில்லை.

அன்று அவள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தாள். அடுத்த நாளிலிருந்து காவலர்கள் விரலால் ஒரு தட்டுத் தட்டிவிட்டு, "கோசோங்!" என்று சிரித்துக்கொண்டே விட்டுவிடுவார்கள். கேலி செய்த வாய்களும் மெல்ல மெல்ல அடங்கின. பிறகு வந்த ஆண்டுகளில் அந்த லயத்துப் பிள்ளைகளில் பாதிப் பேரை முதலில் கையில் ஏந்தியவள் அக்காதான்.

இன்று அந்த லயம் இல்லை. ரப்பர் போய், எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனை வந்தது. செம்பனையும் போய், தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வந்துவிட்டது. சைக்கிள் கடை இருந்த இடத்தில் கைப்பேசி விற்கிறார்கள். சென்ற ஆண்டு அக்காவின் பேத்தி அந்தத் தாமானில் வீடு வாங்கிக் குடிபோனபோது எங்கள் இருவரையும் காரில் அழைத்துப் போனாள். நுழைவாயிலில் காவல் கூண்டும் குறுக்குக் கம்பியும் இருந்தன. நேப்பாளத்துக் காவலர் எங்கள் நரைத்த தலைகளைப் பார்த்து வணங்கிவிட்டு, ஒன்றும் கேட்காமலே கம்பியை உயர்த்தினார். திரும்பிப் பார்த்தேன். தொண்ணூறைத் தொட்ட அக்கா, கைப்பையின் வாயை அகலத் திறந்து, கண்ணாடிக் கூட்டையும் மாத்திரை டப்பாவையும்கூடத் திறந்து, ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தாள்.

"அக்கா, இது அந்தக் கேட்டு இல்லக்கா" என்றேன்.

"தெரியும்டி" என்றாள், பையை இன்னும் மூடாமலே. "அதுக்காக லேட்டாயிடக் கூடாதுல்ல."