நான்கு முறை அனுப்பியது

காலை முழுக்க, ஃபேர்லேண்ட்ஸில் நான் தங்கியிருக்கும் அறையில் நானும் ஒரு யூனிக்ஸ் புரோகிராமும்தான்.

ஓடும் புரோகிராமைத் தட்டிக் கூப்பிடும் சிக்னல் எதுவும் நடுவில் குறுக்கிடாதபடி தடுத்து வைத்திருந்தேன். சோதிக்க ஒரே சிக்னலை நான்கு முறை அனுப்பினேன். தடையை எடுத்ததும் ஒன்றுதான் வந்தது.

கூட வேலை செய்பவர் சாட்டில் சொன்னார்: "இந்த வகை அப்படித்தானுங்க. தடுத்திருக்கறப்ப எத்தன தடவ வந்தாலும் ஒண்ணாத்தான் நிக்கும்."

சைலண்டில் கிடந்த போனை அப்போதுதான் எடுத்தேன். மல்லசமுத்திரத்தில் தனியாக இருக்கும் அப்பா நான்கு முறை அழைத்திருந்தார். கூப்பிட்டேன்.

"சாப்ட்டியா சாமி?"

"ஆச்சுங்கப்பா. ஏனுங்கப்பா, நாலு தடவ கூப்ட்டீங்களே?"

"இதுக்குத்தான். நீ வேலையப் பாரு."

மீதி மூன்றில் என்ன இருந்தது என்று அவரைச் சொல்ல வைக்க வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். யூனிக்ஸ் கையேட்டில் இல்லை, பார்த்துவிட்டேன்.