ஏரிக்குள் தட்டிய இரும்பு

நடந்ததைத்தான் எழுதுகிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒன்றும் நஷ்டம் இல்லை. நானே லேசில் எதையும் நம்புகிற ஆள் இல்லை. டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையைக்கூட நாலு பேரிடம் விசாரித்துவிட்டுத்தான் விழுங்குவேன்.

நானும் என் தங்கச்சி புருஷனும் ஒரே ஆலையில் இருந்தோம். பாய்லருக்குள் இறங்கிப் படிந்ததைச் சுரண்டுகிற வேலை. மாப்பிள்ளை உள்ளே, நான் வெளியே. கத்தினாலும் ஒருவர் சொல்வது ஒருவருக்குப் புரியாது. அதனால் சுத்தியலால் இரும்பைத் தட்டுவோம். ஒன்று தட்டினால் நில். இரண்டு என்றால் கயிற்றை இழு. மூன்று என்றால் என் பக்கம் வா. என் மணிக்கட்டு ஒருமுறை உடைந்து கோணலாகக் கூடிவிட்டது. அதிலிருந்து என் மூன்றாவது தட்டு மட்டும் பிந்தித்தான் விழும். டங் டங்... டங். நொண்டித் தட்டு என்று ஆலையே சிரிக்கும்.

அந்த வேலையில் மாப்பிள்ளைக்குக் காது மந்தமாகிப் போனது. எதிரே நின்று பேசினால் பதில் சொல்வார். முதுகுக்குப் பின்னால் கூப்பிட்டால், ம்ஹூம். ஆனால் இரும்பைத் தட்டினால் திரும்பிவிடுவார்.

வேலையை விட்ட பிறகு மனுஷன் வீட்டிலேயே முடங்கிவிட்டார். வெயில் காலத்தில் எங்கேயாவது கூட்டிப் போ என்று தங்கச்சி என்னை நச்சரித்தாள். மலை மேல் ஓர் ஏரி, காலையில் ஏறினால் சாயங்காலத்துக்குள் இறங்கிவிடலாம் என்று அவளே இடமும் கண்டுபிடித்தாள். கிளம்பும்போது என்னைத் தனியாக இழுத்து ஒன்று சொன்னாள்.

"அவருக்கு நீச்சல் தெரியாதுண்ணே. தண்ணிப் பக்கம் விட்றாதே."

பாதை ஓரமாக இரும்புக் கைப்பிடி போட்டிருந்தார்கள். மாப்பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டு முன்னால் ஏறினார். எனக்கு முட்டி வலி. பின்தங்கினால் கைத்தடியின் இரும்பு நுனியால் கைப்பிடியில் ஒரு தட்டு வைப்பேன். அவர் நிற்பார். பொணம் தூக்கிக்கிட்டு வர்ற மாதிரி நடக்கறீங்களே மச்சான் என்று கிண்டல் வேறு.

பாதி வழியில் மூன்று தட்டினேன். தண்ணீர் பாட்டில் அவரிடம் இருந்தது. திரும்பி வந்தார். இருவரும் குடித்தோம். மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது, மேலே எங்கிருந்தோ...

டங் டங்... டங்.

எதிரொலி என்றுதான் முதலில் நினைத்தேன். எதிரொலி இவ்வளவு நேரம் கழித்தா வரும்?

இன்னும் கொஞ்ச தூரம் ஏறினோம். முட்டி தாங்கவில்லை. அவரை நிறுத்தலாம் என்று தடியைத் தூக்கினேன். தூக்கியதோடு சரி. இன்னும் தட்டவில்லை.

டங்.

மேலே எவனோ நம்மைப் பார்த்து விளையாடுகிறான் என்று திட்டிக்கொண்டே போனேன். போய்ப் பார்த்தால் ஓர் ஆள்கூட இல்லை.

ஏரிக்கரையை அடைந்தபோது மணி ஒன்று இருபது. உச்சி வெயில். தண்ணீர் கறுப்பாக, ஒரு சுருக்கம்கூட இல்லாமல் கிடந்தது. கைப்பிடி வெகு கீழேயே முடிந்துவிட்டது. கரையில் புல்லும் கூழாங்கல்லும்தான்.

எனக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. ரொட்டியைத் தின்றோம். போகலாம் என்றேன். இப்போதுதானே வந்தோம் என்றார். எழுந்தேன். உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன். சரி, ஒண்ணுக்குப் போய்விட்டு வந்து கையோடு கிளப்பிவிடலாம் என்று பாறைக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

அங்கே நிற்கும்போது கேட்டது.

டங் டங்... டங்.

இரும்பு மேல் இரும்பு. இந்தமுறை மேலே இருந்து இல்லை. தண்ணீருக்குள் இருந்து.

என் தட்டு. என் நொண்டித் தட்டு.

ஓடி வந்தேன். மாப்பிள்ளை இடுப்பளவு தண்ணீரில் இருந்தார். சட்டையோடு, ஷூவோடு. அவசரம் இல்லாமல், ஷிப்டுக்குப் போகிறவர் மாதிரி நடந்துகொண்டிருந்தார்.

கத்தினேன். திரும்பவில்லை.

எவர்சில்வர் பாட்டிலைக் கல்லால் ஓங்கி அடித்தேன். ஒரு தட்டு. நில்.

நிற்கவில்லை.

இன்னொன்று. நில்.

டங் டங்... டங்.

நெஞ்சளவு.

கையில் இருந்த கல்லை அவர் முதுகைப் பார்த்து வீசினேன்.

தோளில் பட்டது. திரும்பினார். தூக்கத்தில் எழுப்பிவிட்டவர் மாதிரி முழித்தார்.

"என்ன மச்சான், கொல்லப் பாக்கறீங்களா?"

கையை ஆட்டி ஆட்டிக் கூப்பிட்டேன். வந்தார். சட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினேன். வழி நெடுக நான் ஒருமுறைகூடத் தட்டவில்லை. ஆனால் கைப்பிடி அதிர்ந்துகொண்டே இருந்தது. அதில் இருந்து என் கையையும் எடுத்தேன், அவர் கையையும் எடுத்துவிட்டேன்.

தங்கச்சியிடம் வழுக்கி விழுந்துவிட்டார் என்று சொன்னேன். மனசு ஆறவில்லை. நான் பாட்டிலைத் தட்டி நில் என்றால் நிற்காத மனுஷன், எதுவோ வா என்றதும் எப்படிப் போனார்? மறுவாரம் காது டாக்டரிடம் கூட்டிப் போனேன். கண்ணாடி அறையில் உட்கார வைத்து ரொம்ப நேரம் சோதித்தார்.

"ரெண்டு காதும் சுத்தமா போய்ப் பல வருஷம் ஆயிருக்கும். பக்கத்துல வெடி வெச்சாலும் கேக்காது" என்றார்.

நான் விடவில்லை. இரும்பைத் தட்டினால் திரும்புகிறாரே என்றேன். அந்த இரும்பு மேல் கை வைத்திருப்பாரா என்று கேட்டார். வைத்திருப்பார் என்றேன். அது காதில்லை, கையில் தெரிகிற அதிர்வு என்றார். பேச்சை உதடு பார்த்தே பிடித்துக்கொள்கிறாராம்.

வெளியே பெஞ்சில் உட்கார வைத்து, முகத்துக்கு நேரே கேட்டேன். ஏன் மறைத்தீர்கள் என்று. தெரிந்தால் வேலையைப் பிடுங்கியிருப்பார்கள், அப்புறம் அப்படியே பழகிவிட்டது என்றார். அப்படியானால் அன்றைக்கு எதைக் கேட்டுத் தண்ணீருக்குள் போனீர்கள் என்றேன்.

தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

"இத்தனை வருஷத்துல அது ஒண்ணுதான் மச்சான் கேட்டுச்சு. அதை விட்டுட்டு எப்படி வர்றது?"

அவர்கள் வீட்டு வாசலுக்கு நானே புதுப் பூட்டு வாங்கிப் போட்டேன். சாவி தங்கச்சி இடுப்பில் இருக்கிறது. இருந்தாலும் தினம் போய்ப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வருகிறேன்.

எதிரே நின்று பேசினாலும் இப்போதெல்லாம் அவர் அவள் வாயைப் பார்ப்பதில்லையாம். தலையை ஒரு பக்கம் சாய்த்து, மலை இருக்கிற திசைக்குக் காதைக் கொடுத்தபடி உட்கார்ந்திருக்கிறாராம்.