நாலே நிமிஷத்தில் தீர்த்த மேதை

மூக்கில் முதலில் ஏறுவது சின்ன வெங்காய வாசனைதான்...

பெரம்பலூரில் எங்கள் மாடி அறையில் பாதி, தம்பியின் காட்டில் விளைந்த வெங்காய மூட்டைகளுக்கு. மீதிப் பாதி, உலக வீடியோ கேம் துறையின் தலைமையகம். அதாவது நானும் ஒரு பழைய கம்ப்யூட்டரும். அதை ஆன் செய்தால் பாடாலூர் வரைக்கும் கரண்ட் மங்கும். அது போடும் இரைச்சலில் ஹைவேயில் போகிற பஸ்ஸெல்லாம் ஒதுங்கி வழி விடும்.

இது நடந்து ஆறேழு வருஷம் இருக்கும். வாரத்தில் ஆறு நாள் பேனர் டிசைன் செய்கிற சாதாரண ஆசாமி நான். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு மட்டும் வேறு ஆள். ரஞ்சன்குடி கோட்டையை வைத்து ஒரு கேம் செய்துகொண்டிருந்தேன். செய்வதை அப்படியே இன்டர்நெட்டில் லைவ்வாகக் காட்டினேன். பார்த்தவர்கள் பதினெட்டுப் பேர். என் காதில் கேட்டது பதினெட்டு லட்சம் பேரின் கைத்தட்டல்.

அவர்கள் சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள் இல்லை. ஆளுக்கொரு கேம் செய்துகொண்டிருந்தவர்கள். ஒருத்தர் என் குதிரைக்குக் கால் வரைந்து அனுப்புவார். இன்னொருத்தர் செருப்புச் சத்தத்தைப் பதிவு செய்து அனுப்புவார். ஒருத்தர் கேட்டால் நாலு பேர் சாட்டில் பதில் எழுதுவார்கள்.

மல்லிகா என்கிற பெண்ணும் அப்படி வந்தவள்தான். அரியலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை. மதியம் கூட்டம் இல்லாத நேரத்தில் கடை கம்ப்யூட்டரிலேயே ஒரு கேம் செய்தாள். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாக வரும்... நடுவில் புகுந்து ஒரு பெண் ரோட்டைக் கடக்க வேண்டும். அவ்வளவுதான்.

"தெனம் நான் பண்றதுதாண்ணே. அதையே கேமாக்கிட்டேன்" என்று எழுதினாள். கோட்டை, குதிரை, வாள் என்று நான் கட்டிய ராஜாங்கத்தைவிட அது நல்ல யோசனை. அதை அவளிடம் நான் சொல்லவில்லை.

சரி, வெட்கக்கேட்டுக்கு வருகிறேன்.

லைவ்வில் நான் எதிலும் மாட்டிக்கொண்டதே இல்லை. ரகசியம் என்ன தெரியுமா? வாரம் முழுக்கத் தனியாக மாட்டிக்கொண்டு முழிப்பேன். சனிக்கிழமைக்குள் எப்படியோ சரிசெய்வேன். சரிசெய்ததை மறுபடி கெடுத்து வைப்பேன். ஞாயிற்றுக்கிழமை, "அடடே... இது என்ன புதுசா?" என்று புருவத்தைத் தூக்கி, நாலு நிமிஷத்தில் தீர்ப்பேன்.

சாட்டில் கும்பிடு போட்ட கைகளாகக் கொட்டும்.

ஒரு வாரம் என் கோட்டை வீரன் சுவரிலிருந்து குதித்தவன் தரையில் நிற்காமல் பாதாளத்துக்குப் போய்விட்டான். மூன்று நாள் தேடினேன். கடைசியில் பார்த்தால், 'இது கெட்டியான தரை' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற கட்டத்தில் ஒரே ஒரு டிக்கைப் போட மறந்திருக்கிறேன். ஞாயிறு வந்தது. கேமரா முன்னால் புருவம் பாதி உயரத்தில் இருக்கும்போது, கீழேயிருந்து என் வீட்டம்மா குரல்...

"நேத்தே சரியாப்போச்சுன்னு அந்தக் குதி குதிச்சீங்க! இன்னும் என்னத்த நோண்டுறீங்க? கறிக்கடைக்குப் போங்க!"

மைக்கை நான் அமுக்கிய வேகத்துக்கு ஒலிம்பிக்கில் தங்கமே கொடுத்திருக்கலாம். மறுபடி திறந்து, "பக்கத்து வூட்டு டிவிங்க" என்றேன். டிக்கைப் போட்டேன். வீரன் நின்றான். கும்பிடுகள்.

அப்போது மல்லிகா எழுதினாள்.

"அண்ணே, என் லாரியும் இப்படித்தான் ரோட்டுக்குள்ள பூந்துட்டு இருந்துச்சு. இப்ப டிக் போட்டேன், நின்னுடுச்சு. நாலு நாளாத் தேடுனேண்ணே, அழுகையே வந்துடுச்சு. உங்களுக்கும் இப்படி நாள்கணக்கா மாட்டுமாண்ணே?"

நேரடியான கேள்வி. 'மூணு நாளும்மா' என்ற ஒரே பதில் போதும்.

என் வாய் சொன்னது: "நமக்கெல்லாம் பார்த்ததுமே தெரிஞ்சுடும்மா. அது ஒரு கண்ணு!"

சாட் முழுக்கச் சிரிப்பு. அதற்கு நடுவில் ஒரு வரி ஓடியது.

"அப்ப எனக்கு அந்தக் கண்ணு இல்லண்ணே."

படித்தேன். படித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனேன்.

அடுத்த ஞாயிறு பதினேழு பேர். அதற்கடுத்த ஞாயிறும் பதினேழு.

உண்மையைச் சொல்லிவிடலாமா என்று ஒவ்வொரு வாரமும் நினைப்பேன். கும்பிடு நின்றுவிடுமே என்று பயம். ஐந்தாறு மாதம் கழித்து ஒரு கல்யாணத்துக்கு அரியலூர் போனவன், ஆதார் நகல் எடுக்கிற சாக்கில் அந்தக் கடைக்குப் போய் நின்றேன்.

"அண்ணே! வாங்கண்ணே!" அவளுக்கு நிஜமாகவே சந்தோஷம். அதுதான் இன்னும் குத்தியது.

"கேம் என்னாச்சும்மா?"

"அழிச்சுட்டேண்ணே. கம்ப்யூட்டர்ல எடம் வேணும்னாரு ஓனரு. நமக்கு வராதத எதுக்கு வச்சுக்கிட்டு..."

சொல்லிவிட்டேன். மூன்று நாள் முழித்தது, கெடுத்து வைத்து நடித்தது, டிவி என்று புளுகியது எல்லாம். அவள் என் தாளை மெஷினில் வைத்து மூடியை மூடினாள். வெளிச்சம் ஒருமுறை ஓடி நின்றது.

"நான் கேட்டனேண்ணே... அப்பவே சொல்லியிருக்கலாம்ல."

"மறுபடி ஆரம்பிம்மா. நான் கூட இருக்கேன்."

"பாப்போம்ணே" என்றவள், "முன்னாடி பின்னாடி ரெண்டு பக்கமும் வேணுங்களா?" என்றாள்.

இப்போது என் லைவ்வில் ஒத்திகை கிடையாது. போன ஞாயிறு கோட்டைக் கதவு திறக்கவில்லை. ஒன்றரை மணி நேரம் அத்தனை பேர் முன்னாலும் திருதிருவென்று முழித்தேன். கடைசியில் திருமழபாடியிலிருந்து பார்க்கிற ஒரு டீச்சரம்மா சொல்லித்தான் திறந்தது. யாரும் எழுந்து போகவில்லை. "எனக்கும் இதே கததான் சார்" என்று வரிசையாக எழுதினார்கள். அன்றைக்கு மேதையாக இருந்ததைவிட இது ஆயிரம் மடங்கு சுகம்...

போன மாதம் அந்த லாரி கேமை நானே செய்து அவளுக்கு அனுப்பலாம் என்று உட்கார்ந்தேன். ரோடு போட்டேன். லாரிகளை விட்டேன். ஆனால் இரண்டு லாரிக்கு நடுவில் எவ்வளவு இடம் இருந்தால் ஒரு மனுஷி துணிந்து காலெடுத்து வைப்பாள் என்பது எனக்குத் தெரியவில்லை.

அது மல்லிகாவுக்குத்தான் தெரியும்.