அட்டைக் கடிக்காக நிறுத்துன மாத்திரை

எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல இராஜகுமாரி அக்கா சந்தேகப்படாத ஆளே கெடையாது. தேயிலக் கொழுந்து நிறுக்கிற தராச ஒரு தரம் ஆட்டிப் பாப்பாங்க. மீன்காரர் வந்தா செவுள விரிச்சுப் பாப்பாங்க. சீனி வருத்தத்துக்கு கண்டி கிளினிக்ல குடுக்குற மாத்திரையையும் வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான் வாயில போடுவாங்க!

அதுல ஒன்னு சின்ன வெள்ள மாத்திரை. ரத்தம் கட்டாம இருக்க, நெஞ்சுக்காக குடுத்தது. எங்க ஹந்தானை மலையில மழ பேஞ்சா கொழுந்தெடுக்குறவங்க கால்ல அட்டை ஏறாம இருக்காது. இந்த மாத்திரைய போட ஆரம்பிச்சப்புறம், அட்டை கடிச்ச எடத்துல அக்காவுக்கு ரத்தம் லேசுல நிக்கல. கால்ல கட்டுன சாக்கே செவந்து போச்சு.

"பாத்தியா சிந்துஜா, அட்டை குடிச்சது கொஞ்சம், இந்த மாத்திரை கொட்ட வைக்கிறது கூட."

"டொக்டர்கிட்ட சொல்லுங்கக்கா!"

"அவரா? சீனி உள்ளவங்களுக்கு வலிக்காமலே மாரடைப்பு வருமாம், வேர்க்குமாம், மூச்சு வாங்குமாம். வலிக்காத மாரடைப்பு! மாத்திரைய முழுங்க வைக்க ஒரு கத."

நிறுத்திட்டாங்க. நான் கெஞ்சியும் கேக்கல.

அதுக்கப்புறம் ஒரு நாள் லீவுல நின்ன நான் மலைக்கு தேத்தண்ணி கொண்டு போனேன். ஒரே பனி. அக்கா கூடைய எறக்கி வச்சிட்டு நிக்கிறாங்க, மூஞ்சியெல்லாம் வேர்வ, மூச்சு எரைக்குது.

கூட கொழுந்தெடுத்த எங்கம்மா ரத்தினம்மா, "வாயுதான் குமாரி, ரொட்டி திங்காம வந்திருப்ப. இஞ்சி தேத்தண்ணி குடி"ன்னாங்க.

கங்காணியும், "வாயுதான். அந்தக் கல்லுல குந்துங்க, சரியாயிரும்"னாரு.

அக்கா ரெண்டு பேரையும் மாறி மாறி பாத்தாங்க, தராச பாக்குற அதே பார்வ.

"வெயிலே இல்ல. எனக்கு எதுக்கு வேர்க்குது? எல்லாரும் ஒரே வாயா வாயுங்கிறீங்க, எனக்கு சந்தேகமா இருக்கு. சிந்துஜா, ஆட்டோவ கூப்பிடு!"

ஆஸ்பத்திரியில நெஞ்சுல வயர் ஒட்டிப் பாத்தாங்க. மாரடைப்பேதான். வலியே இல்ல! நர்ஸ் மிஸ் வந்து சப்பச் சொல்லி மாத்திர குடுத்தாங்க. அந்த நெலமையிலயும் அக்கா அத தூக்கிப் பாத்தாங்க.

"அடியே, இது அந்த அட்டை மாத்திரைதானே?"

அக்கா அட்டைக் கடிக்காக மாத்திரைய நிறுத்துனத நான் அழுதுகிட்டே டொக்டர்கிட்ட சிங்களத்துல சொன்னேன். அவரு பொறுமையா, "கடிச்ச எடத்த துணியால அமுக்கிப் புடிங்க. நிக்காட்டி இங்க வாங்க. நீங்களா மருந்த நிறுத்தாதீங்க"ன்னாரு. அக்கா சப்பிட்டாங்க. நேரத்தோட வந்ததாலதான் தப்பிச்சாங்கன்னும் டொக்டர் சொன்னாரு.

இப்ப வீட்ல ஓய்வு. அட்டை மாத்திர தெனமும் உள்ள போகுது, வெளிச்சத்துல தூக்கிப் பாத்துட்டுத்தான்.

நேத்து எங்கம்மா படியேறி வந்து நெஞ்ச தடவிகிட்டு, "வாயு"ன்னாங்க. அம்மாவுக்கும் சீனிதான்.

அக்கா கதிரையில இருந்து எழும்பிட்டாங்க. "ரத்தினம், ஒன் வாயு மேல எனக்கு நம்பிக்கையில்ல. சீலைய மாத்து. சிந்துஜா, ஆட்டோ!"