ரீசைக்கிள் பின்னில் கிடந்த ராஜிநாமாக்கள்

தொண்ணூறுகளின் கடைசியில் மட்டாஞ்சேரியில் ஒரு மிளகு ஏற்றுமதிக் கம்பெனியில் நான் மேனேஜர். கம்பெனிக்கு ஒரே கம்ப்யூட்டர். அதை ஒழுங்காக இயக்கத் தெரிந்தவர் எங்கள் டைப்பிஸ்ட் அம்மாள் ஒருவர்தான். என்னைப்போலவே கொச்சியில் பிறந்து வளர்ந்த தமிழ்க்காரி. கம்பெனிக் கடிதங்களை அடிப்பார். முதலாளி வெளியே போன நேரங்களில் என் கட்டுரைகளையும் அடிப்பார். மலையாளப் பள்ளியில் படித்தவர், ஆகவே தமிழை எழுத்தெழுத்தாகத் தேடித்தான் அடிக்க வேண்டும். அவர் போய்விட்டால் மிளகு எப்படியாவது கப்பலேறிவிடும். என் இலக்கியம் அன்றைக்கே படுத்துவிடும்.

ஒரு நாள் அவர் சாப்பிடப் போயிருந்தபோது, காணாமல்போன கட்டுரை ஒன்றைத் தேடி, அழித்த கோப்புகள் போய் விழும் குப்பைத்தொட்டியான ரீசைக்கிள் பின்னைத் திறந்தேன். எனக்குத் தெரியாத ஏழெட்டுக் கோப்புகள், வெறும் எண்களே பெயராக. காலி செய்தேன். மறுநாள் பார்த்தால் இன்னும் இரண்டு.

"எனக்கு ஒண்ணும் அறியாது சாரே" என்றார் டைப்பிஸ்ட், திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

கலூரிலிருந்து சர்வீஸ்காரரை வரவழைத்தேன். மவுஸின் வயிற்றிலிருந்து உருண்டையை எடுத்துத் துடைத்தார், சாயா குடித்தார், தீர்ப்புச் சொன்னார்.

"வைரஸாணு சாரே. மிளகுப் பொடி உள்ளே கேறியிட்டுண்டு."

"மிளகுக்கும் வைரஸுக்கும் என்னய்யா சம்பந்தம்?"

"அது பறஞ்சா சாருக்கு மனசிலாவில்லா. ஆ குப்பையை மாத்திரம் திறக்கண்டா."

திறக்க வேண்டாம் என்றவர் படியிறங்கியதும் திறந்தேன். கோப்புகளைக் குப்பையிலிருந்து மீட்டால்தான் படிக்க முடியும் என்று கண்டுபிடிக்க ஒரு சாப்பாட்டு இடைவேளை முழுக்கச் செலவாயிற்று. உள்ளே, முதலாளிக்கு ஆங்கிலத்தில் எழுதிய ராஜிநாமாக் கடிதம். அடுத்ததும் அதுவே. டைப்பிஸ்ட் அம்மாள் தினமும் எழுதி, தினமும் அழித்திருக்கிறார். எல்லாவற்றிலும் காரணம் ஒன்றுதான்: நான்.

'மேனேஜர் தம் சொந்தக் கட்டுரைகளை என்னிடம் தருகிறார். காலையில் எடுக்கச் சொன்ன காற்புள்ளியை மாலையில் வைக்கச் சொல்கிறார். மிகவும் தொந்தரவாக இருக்கிறது.'

வேறொருவன் வெட்கப்பட்டிருப்பான். எனக்கோ இரண்டாம் பத்தி நொண்டுவதுதான் கண்ணில் பட்டது. குற்றச்சாட்டு நியாயமானது, வேகம்தான் போதாது. மறுநாள் இடைவேளையில் உட்கார்ந்து ஒற்றை விரலால் திருத்தினேன். தொந்தரவு என்ற வாக்கியத்தை நீக்கிவிட்டு, 'மிளகு நிறுக்கும் இடத்தில் காற்புள்ளி நிறுக்கும் மனிதர்' என்று சேர்த்தேன். அத்தனை நல்ல வாக்கியத்தைத் திரும்பக் குப்பையில் போடக் கை வரவில்லை. திரையிலேயே விட்டுவிட்டுச் சாயா குடிக்கப் போனேன்.

திரும்பியபோது அவர் அதை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"இத்தனை நாள் கொடுக்க தைரியம் வரல்லை சாரே. எழுதி வாசிச்சா, பாவம் இந்த மனுஷன்னு தோணும், களைஞ்சிடுவேன். இப்போ சாரே திருத்தித் தந்தாச்சு. பின்னே எனக்கென்ன பேடியும் பயமும்?"

"கொஞ்சம் இருங்க, மூணாவது பத்தியில ஒரு—"

"அதான் சாரே இதிலே எழுதியிருக்கு."

முதலாளி இருவரையும் கூப்பிட்டார். இரண்டாம் பத்தியைச் சத்தமாக, இரண்டு தடவை படித்தார்.

"எழுத்து கொள்ளாமே, நல்லா இருக்கே! இதெல்லாம் உள்ளதாய்யா?"

மறுத்திருக்கலாம். ஆனால் இன்னொருவர் வாயால் கேட்கும்போது அந்தப் பத்தி இன்னும் நன்றாக இருந்தது.

"உள்ளதுதான் சார்" என்றேன்.

அவர் கடிதத்தை ஏற்கவில்லை. இவ்வளவு நன்றாக எழுதுகிறவர் இனி முதலாளி அறையிலேயே உட்கார்ந்து வெளிநாட்டுக் கடிதங்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அன்று மாலையே டைப்பிஸ்ட் அம்மாளின் மேஜை அங்கே போயிற்று. அதன் மேலிருந்த கம்ப்யூட்டரும்.