கரட்டின் மேல் ரிக் வண்டி

போராட்டம் என் தொழில். தான் கொடுத்த துண்டறிக்கையில் தன் கண்ணெதிரிலேயே வடை மடிக்கப்படுவதைப் பார்த்தவர்களுக்கு என் சங்கடம் புரியும்.

வரிசையாகச் சொல்கிறேன். முதலில் எங்கள் ஊர்ப் பாறைக்குன்றான கரட்டில் இரும்புக்கல் வெட்ட வந்தார்கள், மேய்ச்சல் போனது. அடுத்து வெடி வைத்தார்கள். வீட்டுச் சுவர்கள் விரிசல் விட்டன. பிறகு கல்லில் சத்துப் போதாதென்று கிளம்பினார்கள். கூலி வேலையும் போனது. விட்டுப்போன குழியில் மழைநீர் நிற்கிறது. எங்கள் கிணறுகள் ஊறுவது அதனால்தான். மறுபடி வெட்டினால் முதலில் அந்தத் தண்ணீரைத்தான் இறைப்பார்கள்.

மூலிகை பறிக்க வந்தவர்

போன மாசியில் ஒருவர் காரில் வந்து கரட்டில் ஏறினார். மூலிகை பார்க்கிறாராம். செடிப்பக்கம் திரும்பவே இல்லை. நூலில் கட்டிய காந்தத்தைக் கல் கல்லாக ஒட்டிப் பார்த்தார். “காந்தத்துல ஒட்டற மூலிகை எதுங்க?” என்றேன். சிரித்தார். “பெரியவரே, இந்த வயசுல எல்லாரையும் சந்தேகப்பட்டா சுகர் ஏறுமுங்க.”

மைக் பிடிப்பவர்

நேராகச் செங்கோட்டுவேலிடம் ஓடினேன். எங்கள் கூட்டங்களில் எப்போதும் எனக்கு மைக் பிடிப்பவர் அவர். இளநீர் வெட்டிக் கொடுத்து, தோளில் தட்டினார். “பயப்படாதீங்கண்ணா. கரட்டு மேல எது நடந்தாலும் எனக்குத் தெரியாம நடக்காதுங்க.”

எலுமிச்சம்பழம்

அடுத்த வாரமே ஆழ்துளை போடும் ரிக் வண்டி கரட்டில் ஏறியது. கேட்டால் தண்ணீருக்காம். வெறும் பாறையில் யார் தண்ணீர் தேடுவார்கள்? உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்க்காமல் எங்கள் பக்கம் யாராவது போர் போடுவார்களா? துளை இரும்புக்கல்லுக்குத்தான் என்று ஊரையே திரட்டிக்கொண்டு ஏறினேன். செங்கோட்டுவேலும் மைக்கோடு வந்தார்.

திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள் சக்கரத்தடியில் எலுமிச்சை வைத்து, ரிக்கை வாடகைக்குப் பேசியவர் பெயரைச் சொல்லிச் சூடம் காட்டாமல் துளை இறக்க மாட்டார்கள். எனக்கு அது தெரியும். “நாங்க இத்தனை பேரும் சாட்சி. பேரைச் சொல்லிப் பூசையைப் பண்ணுங்க, சாமி” என்றேன். டிரைவர் தயங்காமல் பேர் பார்க்கப் போனை எடுத்தார். செங்கோட்டுவேல் மைக்கை மெல்லக் கீழே இறக்கினார். கம்ப்ரசர் இரைச்சலில் பேசிப் பழகிய டிரைவர் தொண்டைக்கு மைக் எதற்கு? கரடே கேட்கப் படித்தார்: “‘மைக் செங்கோட்டுவேல்’னு போட்டிருக்குதுங்க!”

எதிரியைத் தேடித் தாலுகா ஆபீஸ் படியெல்லாம் செருப்புத் தேய ஏறினேன். அவர் என் வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் மைக் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்.